அரசராக முடிசூடிய சிறுமி: போலந்தின் யாட்விகா

1384 அக்டோபர் 16 அன்று, கிராக்கோவ் நகரின் வாவெல் குன்றில் இருக்கும் பேராலயத்தில், கினியெஸ்னோ பேராயர் போட்சாந்தா ஒரு சிறுமியின் தலையில் போலந்தின் மணிமுடியை வைத்தார். சிறுமிக்குப் பத்து வயதுதான் இருக்கும். பெயர் யாட்விகா. அரசரின் மனைவிக்கு நடத்தப்படும் சடங்கு அல்ல அது. நாட்டை ஆளும் அரசருக்கே உரிய சடங்கு. அவருக்குக் கிடைத்த பட்டமும் 'அரசர்' என்பதே என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள்.

இடைக்கால ஐரோப்பாவைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களை முதலில் தடுமாறவைப்பது இதுதான். அக்கால அரசிகளில் மிகப் பெரும்பாலோர் அரசரை மணந்ததால் அரசி ஆனவர்கள். கணவர் இறந்தால் அவர்களுடைய அதிகாரமும் ஏறக்குறைய முடிந்துவிடும்; மகன் சிறுவனாக இருந்தால் அவன் பெயரில் சில காலம் ஆளலாம், அவ்வளவே. தன் சொந்த உரிமையில் அரியணை ஏறியவர்கள் மிகக் குறைவு. யாட்விகா அந்தச் சிறு கூட்டத்தைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் அவருக்குக் கணவர் வந்தபோதும், கணவர்தான் மனைவியின் வழியாக அரசரானாரே தவிர, மனைவி கணவர் வழியாக அரசி ஆகவில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் அவருடைய வாழ்க்கையின் மற்ற முடிச்சுகள் தாமாகவே அவிழும்.

ஒரு பெண்ணை ஏன் 'அரசர்' ஆக்கினார்கள்? பெண்ணுரிமையில் அக்கறை கொண்டு அல்ல. நாளை அவர் யாரை மணந்தாலும், அந்த மனிதர் மணம் செய்துகொண்ட ஒரே காரணத்துக்காகப் போலந்துக்குச் சொந்தம் கொண்டாடக் கூடாது. அரியணை யாட்விகாவிடம் இருக்கும். கணவரை அதில் உட்காரவைப்பதா வேண்டாமா என்பதைப் பிரபுக்கள் பேரம் பேசி முடிவு செய்வார்கள். இதுதான் கணக்கு.

வரிக்கு விலையாக வந்த வாரிசுரிமை

கதை அவர் பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. போலந்தைப் பல நூற்றாண்டுகள் ஆண்ட பியாஸ்ட் வம்சத்தின் கடைசி அரசர் மூன்றாம் காசிமிர், 1370இல் சட்டபூர்வமான ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். முன்பே செய்துகொண்ட ஏற்பாட்டின்படி நாடு அவருடைய சகோதரி மகனுக்குப் போனது. அவர்தான் ஹங்கேரியின் அரசர் லூயிஸ். ஹங்கேரியில் அவரை 'மாபெரும் லூயிஸ்' என்று கொண்டாடினாலும், போலந்து மக்களுக்கு அவர் தொலைவில் உட்கார்ந்து, தன் தாய் எலிசபெத்தை அனுப்பி ஆட்சி நடத்திய அன்னியர்தான்.

லூயிஸுக்கும் மகன் இல்லை. காத்தரீன், மேரி, யாட்விகா என்று மூன்று பெண்கள். போலந்து பிரபுக்களோ அவருக்குப் பின் அவருடைய மகன் ஆள்வதற்கு மட்டுமே முன்பு சம்மதித்திருந்தார்கள். மகளுக்கும் அந்த உரிமை வேண்டுமென்றால் விலை கொடுக்க வேண்டும். 1374இல் இன்றைய ஸ்லோவாகியாவில் உள்ள கோஷிட்சே நகரில் அவர் கொடுத்தார்: பிரபுக்களின் நிலங்களில் உழவர் நிலத்துக்கு இருந்த வரி, ஒரு 'வான்' அளவு நிலத்துக்கு 12 குரோஷிலிருந்து 2 குரோஷாகக் குறைந்தது. எல்லைக்கு வெளியே நடக்கும் போருக்குப் பிரபுக்களை அழைத்தால் செலவு அரசருடையது. பதிலுக்கு மகள்களில் ஒருவரை ஏற்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். போலந்து பிரபுக்கள் பிற்காலத்தில் அரசரையே ஆட்டிவைக்கும் அளவுக்கு வலுப்பெற்றதன் முக்கியமான படிகளில் ஒன்றாக வரலாற்று நூல்கள் இந்த ஒப்பந்தத்தைக் காட்டுகின்றன. யாட்விகா அப்போது கைக்குழந்தை.

மூத்த மகள் காத்தரீன் 1378இல் இறந்துவிட்டார். லக்சம்பர்க் வம்சத்துச் சிகிஸ்மண்டுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மேரிக்குப் போலந்தைத் தருவது லூயிஸின் திட்டம். 1382 செப்டம்பரில் அவர் இறந்ததும் ஹங்கேரியப் பிரபுக்கள் ஒரே வாரத்தில் மேரியைத் தங்கள் அரசராக முடிசூட்டிவிட்டார்கள். போலந்தினர் உடனே கை விரித்தார்கள்: ஹங்கேரியில் உட்கார்ந்து ஆளும் இன்னொருவர் எங்களுக்கு வேண்டாம், எங்களோடு வந்து வாழும் மகளை அனுப்புங்கள். எஞ்சியிருந்தவர் கடைசிப் பெண் யாட்விகா.

அவருடைய தாய், பொஸ்னியாவின் எலிசபெத், அனுப்புகிறேன் என்றார், தேதி சொன்னார், தள்ளிப்போட்டார், மறுபடியும் தேதி சொன்னார். இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின. அதற்குள் 'பெரும் போலந்து' எனப்படும் மேற்குப் பகுதியில் உள்நாட்டுச் சண்டையே மூண்டது. பியாஸ்ட் கிளையைச் சேர்ந்த மசோவியக் கோமகன் நான்காம் செமோவிட்டை அரசராக்கிவிடலாம் என்று ஒரு தரப்பு வரிந்துகட்டியது. தாயைக் குறைசொல்லும் எழுத்துகள் நிறைய உண்டு. பத்து வயதுகூட நிறையாத பெண்ணைச் சண்டை நடக்கும் நாட்டுக்குத் தனியே அனுப்பத் தயங்கிய தாய்மீது எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. 1384 இலையுதிர் காலத்தில் ஒருவழியாக யாட்விகா கிராக்கோவ் வந்துசேர்ந்தார். தாயை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1386இல் எதிரிகளிடம் பிடிபட்ட எலிசபெத், 1387 ஜனவரியில் சிறையில் கொல்லப்பட்டார்.

உடைந்த நிச்சயதார்த்தம்

யாட்விகாவுக்கு ஏற்கெனவே மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். 1378இல், நான்கு வயதில், ஆஸ்திரியாவின் ஹைன்பர்க் நகரில் ஹாப்ஸ்பர்க் வம்சத்து வில்லியமுடன் சடங்கு நடந்தது. மாப்பிள்ளைக்கு எட்டு வயது. இதைத் திருமணம் என்றே எழுதிவிடுபவர்கள் உண்டு. குழப்பம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 என்பது மண வயது. அதற்கு முன் நடப்பது எதிர்காலத்தில் மணப்பேன் என்ற வாக்குறுதி மட்டுமே, நம் ஊர் நிச்சயதார்த்தத்தைப் போல. ஆனால் ஒரு கூடுதல் முடிச்சு இருந்தது. இருவரும் உரிய வயதை எட்டியபின் கணவன் மனைவியாக வாழத் தொடங்கிவிட்டால், அந்த வாக்குறுதியே முழுத் திருமணமாகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. ஆகவே யாட்விகாவுக்குப் பன்னிரண்டு வயது நிறையும் நாள் அரசியல் நாளாகிவிட்டது. அவர் 1374 பிப்ரவரி 18க்குப் பின் பிறந்திருக்க முடியாது என்று இன்று ஆய்வாளர்கள் சொல்வதும் இதே சட்டத்தை வைத்துத்தான்: 1386 பிப்ரவரி 18 அன்று அவருக்குத் திருமணம் நடந்தது, எனவே அன்றைக்கு அவருக்குப் பன்னிரண்டாவது ஆகியிருக்க வேண்டும்.

மணமகன் வில்லியம் அல்ல. போலந்துப் பிரபுக்களுக்கு ஹாப்ஸ்பர்க் மருமகனால் பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை. அவர்கள் கண் வடகிழக்கில் இருந்தது. அங்கே லித்துவேனியாவின் மாகோமகன் யாகெல்லோ, ஐரோப்பாவில் எஞ்சியிருந்த கடைசிப் புறச்சமய அரசின் தலைவர். புனிதச் சோலைகளையும் அணையா நெருப்பையும் வழிபட்ட லித்துவேனியர் அவருடைய மக்களில் சிறுபகுதிதான். இன்றைய பெலாரஸ், உக்ரைனின் பெரும்பகுதி, கீவ் நகரம் என்று அவருடைய ஆட்சிப்பரப்பு விரிந்திருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள்.

யாகெல்லோவுக்கும் போலந்துக்கும் பொதுவான தலைவலி ஒன்று இருந்தது: டியூட்டானிக் வீரத்துறவிகள். பால்டிக் கரையில் தனி அரசு நடத்திய இந்த ஜெர்மானியத் துறவறப் படையினர், புறச்சமயத்தாரை மதம் மாற்றுவதாகச் சொல்லி ஆண்டுதோறும் லித்துவேனியாமீது படையெடுத்தார்கள். அவர்களுடைய வாயை அடைக்க ஒரே வழி, மதம் மாறிவிடுவது. யாரிடம் ஞானஸ்நானம் பெறுவது என்பதுதான் கேள்வி. மாஸ்கோ இளவரசர் திமித்ரியின் மகளை மணந்து ஆர்த்தடாக்ஸ் பக்கம் போகும் பேச்சும் நடந்தது. போலந்து அதைவிடப் பெரிதாக ஒன்றைக் காட்டியது: ஒரு மணிமுடி.

1385 ஆகஸ்ட் 14 அன்று கிரேவோ கோட்டையில் யாகெல்லோ எழுதிக்கொடுத்த உறுதிமொழியில் விவரம் இருக்கிறது. தானும் தன் உறவினரும் மக்களும் கத்தோலிக்கராவது, பிடித்துவைத்திருக்கும் கிறிஸ்தவக் கைதிகளை விடுவிப்பது, நிச்சயதார்த்தம் முறிவதற்கு ஈடாக ஹாப்ஸ்பர்க் தரப்புக்கு 2,00,000 புளோரின் கொடுப்பது, தன் நிலங்களைப் போலந்து முடியுடன் நிலையாக இணைப்பது. இந்த இணைப்பு எப்படிப்பட்டது என்று போலந்து, லித்துவேனிய அறிஞர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். நடைமுறையில் விளைந்தது 'தனியாள் ஒன்றியம்': இரண்டு நாடுகள், தனித்தனிச் சட்டம், தனித்தனி நிர்வாகம், தலைமையில் மட்டும் ஒரே மனிதர். இரண்டும் முறையாக ஒரே பொதுவரசாக இணைந்தது 1569இல், லூப்லினில்.

வில்லியம் சும்மா இருக்கவில்லை. 1385 ஆகஸ்டில் கிராக்கோவுக்கே வந்துவிட்டார். கோட்டைத் தலைவர் குரோஸ்வெங்கி தோபியெஸ்வாவ் அவரை வாவெலுக்குள் நிலைக்கவிடவில்லை. அவரைப் பார்க்கப் போவதற்காக யாட்விகா கோடரி கேட்டு வாங்கிப் பூட்டிய கதவை வெட்ட முயன்றதாகவும், முதிய பிரபு கோரய் திமித்ரி கெஞ்சித் தடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. ஓவியர்கள் இந்தக் காட்சியை விடவே மாட்டார்கள். கதையைச் சொன்ன வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ் பிறந்தது 1415இல், யாட்விகா இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு. அவருடைய நூல் இல்லாமல் யாட்விகாவின் வரலாற்றை எழுத முடியாது. அதை அப்படியே நம்பியும் எழுத முடியாது. யாகெல்லோவின் உடலில் ஏதும் குறை உண்டா என்று பார்த்துவர ஒலெஷ்னித்சா சவிஷாவை யாட்விகா அனுப்பினார், அவரும் கோமகனைக் குளிக்கும் இடத்தில் பார்த்துவிட்டு வந்து கவலையில்லை என்றார் என்பதும் துவுகோஷ் சொன்னதுதான். இதை நம்ப எனக்கு ஆசை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு முன்பின் தெரியாத, குறைந்தது இருபது வயதைக் கடந்த ஒருவரைக் கட்டிவைக்கும்போது அவர் கேட்கக்கூடிய மிக நியாயமான கேள்வி அது.

அவர் வில்லியமைக் காதலித்தாரா? கதைகள் ஆம் என்கின்றன. சான்றுகளில் உறுதியாக இருப்பது, சிறுவயது வாக்குறுதியை அவர் கைவிட்டார் என்பதே. 1386 பிப்ரவரி 15 அன்று யாகெல்லோ கிராக்கோவில் ஞானஸ்நானம் பெற்று விளாடிஸ்லாவ் என்ற பெயர் ஏற்றார். மூன்று நாளில் திருமணம். மார்ச் 4 அன்று அவருக்கும் முடிசூட்டினார்கள். போலந்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள்.

அவர் செய்தவை

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் யாட்விகாவுக்காக மற்றவர்கள்தான் முடிவெடுத்தார்கள். தந்தை, தாய், பிரபுக்கள், பேராயர். அவரைப் பக்திக் கதைகளிலேயே படித்தவர்கள் பொதுவாக இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, நாட்டுக்காகத் தன்னைத் தியாகம் செய்த பெண் என்று முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் அவர் சுவாரசியமாகிறார்.

1387 தொடக்கத்தில் யாகெல்லோ லித்துவேனியாவில் இருந்தார். மக்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வில்னியஸில் மறைமாவட்டம் அமைந்தது. அதே வேளையில் பதின்மூன்று வயது யாட்விகா ஒரு படையுடன் தென்கிழக்கே செந்நிற ருத்தேனியாவுக்கு (பெரும்பாலும் இன்றைய மேற்கு உக்ரைன்) புறப்பட்டார். தந்தை லூயிஸ் அந்தப் பகுதியை ஹங்கேரிய ஆளுநர்களின் கையில் விட்டிருந்தார். அதாவது, மகள் தன் சொந்த அக்காளின் நாட்டிடமிருந்து அதை மீட்கப் போனார். போர்த் திட்டம் அவருடையதாக இருக்க முடியாது. கூட வந்த தளபதிகள் அனுபவசாலிகள். ஆனால் ஊர்கள் கதவைத் திறந்தது அவருக்காக. மார்ச்சில் லிவிவ் நகரம் பணிந்தது. அதன் பழைய உரிமைகளை அவர் தன் பெயரில் உறுதிசெய்தார். முடிக்கு உரிய வாரிசு நேரில் நின்றால் முற்றுகை தேவைப்படாது என்பதற்கு இது நல்ல சான்று.

அரண்மனையில் நிலைமை எளிதாக இல்லை. கணவர் இல்லாத நேரத்தில் வில்லியம் ரகசியமாக வந்துபோகிறார் என்று தாலெவித்சே கினியெவோஷ் என்ற பிரபு யாகெல்லோவின் காதில் போட்டதாகத் துவுகோஷ் எழுதுகிறார். யாட்விகா வாய்மூடி அழாமல் வழக்குத் தொடுத்தார். பழி பொய் என்று தீர்ந்ததும் அக்கால வழக்கப்படி கினியெவோஷ் பெஞ்சுக்கு அடியில் புகுந்து, தான் சொன்னது பொய் என்று கூறி, நாயைப் போலக் குரைக்க வேண்டியிருந்ததாம்.

பெரிய அரசியலில் அவர் விரும்பியது பேச்சுவார்த்தையை. கணவருக்கும் கணவரின் ஒன்றுவிட்ட சகோதரர் வித்தௌதாஸுக்கும் நடந்த நீண்ட பகையில் சமரசம் பேசினார். டியூட்டானிக் துறவிகளுடன் மோதுவதற்குப் பலர் துடித்தபோது அவர் தடுத்தார். 1397இல் இனோவ்ரோத்ஸ்வாவில் அவர்களுடைய தலைவர் கொன்ராட் ஃபான் யுங்கிங்கனை நேரில் சந்தித்துத் தோப்ஜின் நிலத்தைத் திரும்பக் கேட்டார். பலன் இல்லை. நான் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்குத் தண்டனை வராது, பிறகு வரும் என்று அவர் எச்சரித்ததாகக் கதை. 1410 ஜூலை 15 அன்று குருன்வால்ட் போர்க்களத்தில் கொன்ராடின் தம்பி உல்ரிக் மடிந்து, துறவிப்படையும் நொறுங்கியபின் இயற்றப்பட்ட தீர்க்கதரிசனம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் எப்போதும் விட்டுக்கொடுத்தார் என்றும் நினைக்க வேண்டாம். 1398இல் லித்துவேனியாவிலிருந்து தனக்கு ஆண்டுதோறும் பணம் வர வேண்டும் என்று வித்தௌதாஸுக்குக் கடிதம் எழுதினார். யாருக்கும் கட்டுப்படாமல் வாழ்ந்தவர்கள் நாங்கள் என்று லித்துவேனியர்கள் கொதித்தார்கள். தனியாள் ஒன்றியத்தின் பலவீனம் அந்தக் கடிதத்தில் நன்றாகவே வெளிப்பட்டது: தலைவர் ஒருவராக இருக்கலாம், இரண்டு நாடுகளும் தங்களை ஒன்றென்று கருதவில்லை.

என் பார்வையில் அவர் செய்த மிகப் பெரிய வேலை கல்வியில்தான் இருக்கிறது. காசிமிர் 1364இல் கிராக்கோவில் நிறுவிய பல்கலைக்கழகம் அவர் மறைந்தபின் படுத்துவிட்டிருந்தது. புதிதாகக் கிறிஸ்தவம் ஏற்ற லித்துவேனியாவுக்கோ குருமார்கள் தேவை. அவர்களை எங்கே படிக்கவைப்பது? யாட்விகா முதலில் பிராக் பல்கலைக்கழகத்தில் லித்துவேனிய மாணவர்களுக்காக ஒரு கல்லூரி விடுதிக்கு ஏற்பாடு செய்தார். கூடவே கிராக்கோவில் இறையியல் துறை தொடங்கப் போப் ஒன்பதாம் போனிஃபாஸிடம் அனுமதி கேட்டார், 1397இல் கிடைத்தது. அக்காலத்தில் இறையியல் துறை இல்லாத பல்கலைக்கழகம் அரைகுறைதான். எல்லா ஊருக்கும் போப் அந்த அனுமதியைத் தரமாட்டார். இறக்கும்போது தன் நகைகளையும் உடைமைகளையும் ஏழைகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பங்கிட்டு எழுதிவைத்தார். அந்தப் பணத்தில் 1400 ஜூலையில் யாகெல்லோ அதை மீண்டும் திறந்தார். 1491இல் கோப்பர்நிக்கஸ் மாணவராகச் சேர்ந்தது அங்கேதான். இன்று அதற்குப் பெயர் யாகெல்லோனியப் பல்கலைக்கழகம். அனுமதி கேட்டவர் மனைவி, பணம் கொடுத்தவர் மனைவி. பெயர் மட்டும் கணவருடையது.

இறப்பும் அதன் பின்னும்

திருமணமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1399 ஜூன் 22 அன்று அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. போப்பின் நினைவாக எலிசபெத் போனிஃபாசியா என்று பெயர் வைத்தார்கள். குழந்தை ஜூலை 13 அன்று இறந்தது. நான்கு நாளில், ஜூலை 17 அன்று, தாயும் போய்விட்டார். வயது இருபத்தைந்து. இருவரையும் வாவெல் பேராலயத்தில் ஒரே கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

பிற்காலத்தில் கல்லறையைத் திறந்தபோது உள்ளே மரத்தால் செய்து பொன்முலாம் பூசிய செங்கோலும் உருண்டையும் இருந்தன. நகைகளையெல்லாம் கொடுத்துவிட்டதால்தான் மரச் செங்கோல் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். ஐரோப்பிய அரசர்கள் பலரையும் இப்படி மலிவான போலிச் சின்னங்களோடு புதைப்பதே வழக்கம். அசல் அடுத்தவருக்கு வேண்டும் அல்லவா?

யாகெல்லோவின் நிலை இப்போது இக்கட்டானது. மனைவியின் வழியாக அரசரானவர் அவர். வாரிசாக ஒரு குழந்தைகூட இல்லை. பிரபுக்கள் அவரையே அரசராகத் தொடர ஒப்புக்கொண்டார்கள் என்றாலும், 1402இல் அவர் காசிமிரின் பேத்தி அன்னாவை மணந்துகொண்டார். பியாஸ்ட் இரத்தத்தின் தொடர்பு அவருக்குத் தேவைப்பட்டது. 1434இல் இறக்கும்வரை ஆண்டார். அவருக்குப் பின் 1572 வரை போலந்தையும் லித்துவேனியாவையும் ஆண்ட யாகெல்லோனிய வம்சம், நான்காம் மனைவி சோஃபியாவின் பிள்ளைகள் வழி வந்தது. அந்த வம்சத்துக்கு அரியணையைக் கொண்டுவந்த யாட்விகாவின் இரத்தம் அதில் ஒரு துளியும் இல்லை.

மக்கள் அவரை நெடுங்காலமாகவே புனிதராகக் கருதிவந்தாலும், முறையான அறிவிப்பு 1997 ஜூன் 8 அன்றுதான் வந்தது. கிராக்கோவின் புவோனியா திடலில் அறிவித்தவர், முன்பு அந்நகரின் பேராயராக இருந்த போப் இரண்டாம் யோவான் பவுல்.

மேலும் படிக்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போலந்தில் புனித யாட்விகா என்ற பெயரில் இருவர் உண்டு. 1243இல் இறந்து 1267இலேயே புனிதர் பட்டம் பெற்றவர் சைலீசியாவின் கோமகள். அவர் அரசி அல்ல. பழைய தேவாலயங்களுக்குப் பெரும்பாலும் அவர் பெயர்தான். நம்முடையவரைத் தேடும்போது 'அரசி யாட்விகா' என்று சேர்த்தே தேடுங்கள்.